எந்த வரில இருக்கு?

போன எபிசோடுல, "ஆதித்த கரிகாலன் கொலைக்குப் பின்னால உத்தம சோழர் இருந்தார்னு உடையார்குடி கல்வெட்டே சொல்லுது"ன்னு அடிச்சுச் சொன்னேன். தப்பு. கல்வெட்டு அப்படிச் சொல்லலை.

இது எனக்கு எப்படித் தெரிஞ்சது? ஞாயித்துக்கிழமைகள்ல கூடுற எங்க வரலாற்று ஆர்வலர் குழுவுல ஒரு தோழி மறுத்துப் பேசினாங்க. நான் உடனே, "பொன்னியின் செல்வன் படிச்சுட்டு வந்து பேசாதீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சிலர் சிரிச்சாங்க. அவங்க சிரிக்கலை. கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "எந்த வரில இருக்கு?"

வீட்டுக்கு வந்து தேடினேன். இல்லை.

உடையார்குடி, காட்டுமன்னார்கோயில் பக்கம். அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கும் அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது சுமார் கி.பி. 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்கள் சொத்து மட்டுமல்ல, பெண் கொடுத்த மாமனார் வரைக்கும் உறவினர்களின் சொத்தும் பறிமுதல். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். பரமேசுவரனுக்கோ இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று சோழப் பட்டம். ஒரே வழக்கில் ரெண்டு பக்கத்துப் பட்டமும்! இதை வெச்சே ஒரு எபிசோடு பண்ணலாம். ஆனால் ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

அப்போ உத்தமர் எங்கிருந்து வந்தார்? நீலகண்ட சாஸ்திரியின் வாதத்திலிருந்து. கொலை நடந்து, உத்தமர் 985 வரை ஆண்டு முடித்து, ராஜராஜன் வந்த பிறகே இந்த ஆணை தெரிகிறது. இடையில் 15 வருடத்துக்கும் மேல். கூடவே, சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருண்மொழி அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து சாஸ்திரி உத்தமரைச் சந்தேகப்பட்டார்.

சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அண்ணனைக் கொல்லச் சதி செய்தவர் என்றால், ராஜராஜன் அவரிடம் அப்படி இணங்கிப் போயிருப்பாரா என்பது அவர் பக்கத்து வாதம். உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தார். சதிகாரன் மகனுக்கு யாராவது அந்த வேலையைக் கொடுப்பார்களா? பின்னால் வந்த சிலர் இன்னொன்றும் கேட்டார்கள்: 987-இல் நிலத்தைப் பற்றி ஆணை வந்தது என்றால், அதுவரை தண்டனையே இல்லை என்று ஆகிவிடுமா?

பாருங்க, ரெண்டு பேரும் படிச்சது அதே கல்லைத்தான். கல் எங்கே நிக்குது, நம்ம ஊகம் எங்கே ஆரம்பிக்குதுங்கறதுலதான் சண்டை. நான் அந்தக் கோட்டை அழிச்சுட்டுப் பேசினேன். மறுத்தவங்களை நாவல் வாசகின்னு கேலி பண்ணேன். இதுல காமெடி என்னன்னா, ரவிதாசன்ங்கற பேரே எனக்கு முதல்ல அறிமுகமானது கல்கி மூலமாத்தான்.

உண்மையைச் சொன்னா, எனக்கு உத்தமர் மேல சந்தேகம் இன்னும் போகலை. அந்த நீண்ட இடைவெளி உறுத்துது. கண்டராதித்தனுக்குக் கிடைச்ச பொறுப்புக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை.

தோழிகிட்ட போன வாரம் மன்னிப்பு கேட்டேன். "என்கிட்ட கேட்டது சரி, கேட்டவங்ககிட்டயும் சொல்லணும்ல"ன்னாங்க. அதான் இந்த எபிசோடு. அடுத்த தடவை அவங்களே வந்து உத்தமர் பக்கம் பேசுறாங்க. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க: நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, கல்வெட்டு முழுசையும் ஒரு தடவை சத்தமாப் படிக்கணுமாம்.