பட்டிப்பூவின் பயணம்

தெல்லிப்பழையின் செம்பாட்டு மண்ணிலே, வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் ஆண்டு முழுவதும் ஓயாது பூத்து நிற்கும் சிறு செடியொன்று உண்டு. ஐந்து இதழ்; வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நிறம்; மணம் என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. யாழ்ப்பாணத்தார் அதனைப் பட்டிப்பூ என்பர். தமிழகத்தார் நித்தியகல்யாணி என மங்கலமாகவும், சுடுகாட்டு மல்லி என அமங்கலமாகவும் அழைப்பர். சிங்கள மக்கள் வழங்கும் மினீமல் என்ற பெயருக்கும் பிணப்பூ என்பதே பொருள். ஒரு பூவுக்கு இத்துணை முரண்பட்ட பெயர்கள் வாய்த்தமைக்குக் காரணம் அதன் இயல்பேயாகும். நீர் வார்ப்பார் இல்லாத இடத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆடும் மாடும் அதன் கைப்புக்கு அஞ்சி வாய்வையா. ஆதலின் சுவாமிக்குப் பூப்பறிக்கும் முற்றத்திலும் மயானத்தின் ஓரத்திலும் ஒருங்கே இடம் பெற்றது.

இத்துணைப் பழகிய பூவை நம் நாட்டுக்கே உரியதென நேயர் பலர் கருதுதல் கூடும். அஃது உண்மையன்று. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அதன் நெருங்கிய உறவுச் செடிகளுள் ஒன்றொழிய ஏனையவை யாவும் அத்தீவுக்கே உரியன. அந்த ஒன்று, மிளகாய்ப்பூண்டு எனப்படும் வெண்பூக் களை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அதனை அழகுக்காக வளர்ப்பார் எவருமிலர்.

மடகாஸ்கரில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை ஆண்ட பிளாக்கூர் என்பவர், 1658 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், மல்லிகை போன்ற பூவும் மிகக் கைப்பான வேரும் உடைய செடியொன்றைக் குறிப்பிட்டார். நூறாண்டுக்குள் அதன் விதை பிரெஞ்சு அரச தோட்டத்தை அடைந்தது. அங்கிருந்து 1757 இல் இலண்டனை அடுத்த செல்சி மூலிகைத் தோட்டத்தின் தலைவர் பிலிப் மில்லருக்கு விதை கிடைத்தது. 1759 இல் லின்னேயஸ் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். இவையெல்லாம் நிகழ்ந்தது அதன் அழகு ஒன்றை விரும்பியே.

எனினும் ஐரோப்பாவில் அதன் வாழ்வு குறுகியது. உறைபனி ஒரு முறை விழுந்தால் செடி மடியும். கண்ணாடி மனைக்குள் சூடேற்றிக் காப்பாற்றினர். அது இயலாதவர் ஆண்டுதோறும் புதிதாக விதைத்தனர். பனியறியாத நாடுகளிலோ அதே செடி அடிமரம் வைரித்துப் பல ஆண்டு வாழ்கின்றது. தெல்லிப்பழையில் சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்மண் நீரைத் தேங்கவிடாது உள்வாங்கும். வேரழுகலே இச்செடியின் முதற் பகையாதலால், இம்மண் அதற்கு மிக ஏற்றது.

விதைக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. சிறு பூவிதைகள் பலவற்றை மண்மேல் தூவிவிட்டாற் போதும். இதற்கோ முளைக்க இருள் வேண்டும். ஆகவே மணலை மெல்லியதாய்ப் பரப்பி மூடுதல் அவசியம். இரு வாரத்தில் முளைக்கும். மூன்று மாதமளவில் பூக்கும். பின்னர் விதைப்பார் தேவையில்லை. காய் வெடித்துக் கருமையான நுண்விதைகள் தாமே சிந்தி, மாரி மழையில் முளைத்துவிடும். எளிதில் வளர்வதனாலேயே மதிப்புக் குறைந்த பூ இது. உரோசாவுக்குக் கிடைக்கும் உபசாரம் இதற்குக் கிடைத்ததில்லை.

1952 ஆம் ஆண்டு யமேக்காவிலிருந்து கனடாவில் இருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்குக் கடித உறையொன்றில் சில இலைகள் வந்தன. அத்தீவில் நீரிழிவுக்கு இவ்விலையை அவித்துக் குடித்து வந்தனர். அவர் அதனை மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தம் தம்பி றொபேட் நோபிளிடம் கொடுத்தார். இலைச் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. வெண்குருதிக் கலங்களையே பெரிதும் குறைத்தது. வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! றொபேட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் அச்சாற்றிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் பொருளைப் பிரித்து 1958 இல் உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்காவின் இலில்லி நிறுவனத்தார் இதே செடியிலிருந்து வின்கிறிஸ்ரின் என்னும் இன்னொன்றையும் பிரித்தனர். அது 1963 இல் அந்நாட்டில் மருந்தாக ஏற்கப்பட்டது. முன்பு குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. இம்மருந்தைப் பிற மருந்துகளோடு சேர்த்து வழங்கிய பின், நல்ல சிகிச்சை கிட்டும் நாடுகளில், அந்நோயின் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு உள்ளான குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கின்றனர்.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். அதற்காகத் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் வானம்பார்த்த நிலங்களில் பட்டிப்பூவை வயலாகவே விதைக்கலாயினர்.

1990 இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது தெல்லிப்பழையின் முற்றங்கள் பல ஆளின்றிப் போயின. மக்கள் படிப்படியாக மீண்ட காலத்தில், 2011 இல், தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை கால்நடையாகச் சென்று நிதி திரட்டியோரின் முயற்சியால், 2013 இல் அவ்வூரில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நோயாளரின் உறவினர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும்: முற்றத்துப் பட்டிப்பூ இலையை அவித்துப் பருகுதல் மருந்தாகாது, அது நஞ்சு. தூய்மையாக்கி அளவிட்ட மருந்தே, அதுவும் மருத்துவர் கையால், நாளத்தினூடாக மட்டுமே ஏற்றப்படுவது.