மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு துறைக்கு ஒரு ‘பொறுப்பு ஆசிரியர்’ ஏன் தேவை? கல்வராயன் மலை சொல்லும் காரணம்

மதியம் 2 மணிக்கு செமஸ்டர் தேர்வு. மற்றவர்களுக்கு 5 மணிக்கு முடியும். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு விதிப்படி ஒரு மணி நேரம் கூடுதல். அவருக்கு 6 மணிக்குத்தான் முடியும். வீடு கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஏற வேண்டும். இருட்டிய பிறகு அவர் எப்படி ஊர் போய்ச் சேருவார்?

இப்படி ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். கூடுதல் நேரத்தை விதி கொடுத்துவிட்டது. பஸ்ஸை யார் யோசிப்பது? யாரும் யோசிக்கவில்லை என்றால், "கூடுதல் நேரம் வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு 5 மணிக்கே கிளம்புவதுதான் அவருக்கு இருக்கும் ஒரே வழி. உரிமை காகிதத்தில் இருக்கும், மார்க் குறையும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஒவ்வொரு துறையிலும் ஒரு பொறுப்பு ஆசிரியர் வேண்டும் என்கிறார்கள். அவர் யார்? என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்தப் பொறுப்பு ஆசிரியர்?

துறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்களில் ஒருவர்தான். மாற்றுத்திறனாளி மாணவர் தனக்கு என்ன தேவை என்பதை அவரிடம் ஒருமுறை சொன்னால் போதும். மற்ற ஆசிரியர்கள், துறைத்தலைவர், தேர்வுப் பிரிவு, விடுதி என எல்லா இடத்துக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை.

இது புதிய யோசனை இல்லை. பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் தனித்தனியாக மாற்றுத்திறன் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவை ஓர் ஆசிரியர் ஒருங்கிணைக்கும் முறையைத் தன் பழைய திட்டத்திலேயே வைத்திருந்தது. ஆனால் அது கல்லூரிக்கு ஒருவர் என்ற கணக்கு. மாணவரின் அன்றாடம் நடப்பது துறையில். வகுப்பு, இன்டர்னல், அசைன்மென்ட், லேப் எல்லாமே அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. இதில் 21 வகை குறைபாடுகள் இடம்பெற்றுள்ளன. முக்கிய அம்சங்கள்:

• அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம். வயது வரம்பில் 5 ஆண்டு சலுகை (பிரிவு 32).

• தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உள்ளிட்ட மாற்றங்கள் (பிரிவு 17).

• ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் (பிரிவு 23).

• சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை (பிரிவு 89).

5 சதவீத ஒதுக்கீட்டை எல்லா உயர்கல்வி நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. 2022-ல் யுஜிசி அணுகல் வசதிகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

துறைவாரியாக ஒருவரை நியமிக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் வரி இல்லை. ஆனால் நியமிக்கத் தடையும் இல்லை. இதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை. துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும், நோட்டீஸ் போர்டில் ஒரு பெயரும் போதும்.

கள்ளக்குறிச்சியில் ஏன் கூடுதல் அவசியம்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல்தான் தனி மாவட்டமானது. அதுவரை மாவட்டத் தலைநகர் விழுப்புரம். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருப்பவர், மாவட்ட அலுவலகத்தில் ஒரு வேலை என்றால் மலையிறங்கி, கள்ளக்குறிச்சி தாண்டி, விழுப்புரம் வரை போக வேண்டும். இப்போது தூரம் குறைந்திருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் மலை மலைதான். இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தினர். பல குடும்பங்களில் கல்லூரிக்கு வருவதே முதல் தலைமுறை. செல்போன் சிக்னல் எல்லா ஊரிலும் கிடைக்காது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது.

இந்த நிலையில் ‘விண்ணப்பத்தை ஆன்லைனில் போடுங்கள், அறிவிப்பை வாட்ஸ்அப்பில் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாது. நேரில் போய்க் கேட்க ஒரு முகம் வேண்டும்.

ஜூனிலேயே தொடங்க வேண்டியது

முதல் வாரத்திலேயே பொறுப்பு ஆசிரியர் எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். "யாருக்கெல்லாம் குறைபாடு இருக்கு, கையைத் தூக்குங்க" என்று வகுப்பில் கேட்கக் கூடாது. "எதாவது உதவி வேணும்னா இந்த நேரத்துல என்னை வந்து பாருங்க" என்பது போதும்.

அடுத்தது சான்றிதழ். யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என அட்டைக்கு நிறம் உண்டு. சான்றிதழ் வழங்க 3 மாதம் வரை ஆகலாம். ஜூனில் விண்ணப்பித்தால்தான் நவம்பர் தேர்வுக்கு முன் கைக்கு வரும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு இதைக் கேட்டால் அந்த செமஸ்டர் போய்விடும்.

நோட்ஸ் எப்படிக் கொடுப்பது?

இங்கேதான் நல்ல மனசுள்ள ஆசிரியர்களும் தவறுகிறார்கள். கையால் எழுதிய நோட்ஸை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால், பார்வையற்ற மாணவரின் போனில் இருக்கும் ‘டாக்பேக்’ செயலிக்கு அது வெறும் படம். கணினியில் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாடமும் அப்படித்தான். திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் அதைப் புரியாத எழுத்துக் குவியலாக வாசிக்கும். யூனிகோடில் தட்டினால் மட்டுமே தமிழாகக் கேட்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம்.

செவித்திறன் குறைந்த மாணவருக்கு வேறு தேவை. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் அவரால் உதட்டசைவைப் படிக்க முடியாது. திரும்பி நின்று பேசுவதற்குச் செலவு எதுவும் கிடையாது.

தேர்வில் என்னென்ன கேட்கலாம்?

மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் 29 வழிகாட்டுதல்படி:

• ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். 3 மணி நேரத் தேர்வு என்றால் 4 மணி நேரம்.

• சொல்வதை எழுதுபவரை மாணவரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவர்களிடம் கேட்கலாம். தாங்களே ஒருவரைத் தந்தால், 2 நாள் முன்பே மாணவர் அவரைச் சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும்.

• மொழிப் பாடத்துக்கு ஒருவர், மற்ற பாடத்துக்கு வேறொருவர் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

• தேர்வு அறை முடிந்தவரை தரைத்தளத்தில் இருக்க வேண்டும்.

40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்? அதற்கும் வழி உண்டு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு உள்ள விகாஸ் குமார், யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் 2021 பிப்ரவரி 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத முடியாத நிலை இருந்தால், 40 சதவீதம் இல்லை என்பதற்காக மட்டும் எழுதுபவரை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். இதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வந்தது. இதற்கு அரசு மருத்துவரின் சான்று தேவை.

இப்போது ஆரம்பத்தில் பார்த்த மாணவியிடம் வருவோம். பொறுப்பு ஆசிரியர் இருந்தால் தேர்வு அட்டவணை வந்த அன்றே மதியத் தேர்வுகளைக் குறித்து வைப்பார். அந்த நாட்களில் மட்டும் விடுதியில் ஓர் இரவு தங்க வார்டனிடம் பேசுவார், வீட்டுக்கும் தகவல் சொல்வார். ஒரு போன் கால், ஒரு கடிதம். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைச் செய்ய ஒருவர் இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள்

கற்றல் குறைபாடு, மனநோய், அரிவாள் செல் ரத்தசோகை போன்றவையும் அந்த 21-ல் வருகின்றன. அரிவாள் செல் நோய் பழங்குடி மக்களிடம் அதிகம் காணப்படுவதால் 2023 ஜூலையில் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கியது. திடீரென வலி வந்தால் மாணவர் பல நாள் வர முடியாது. வருகைப்பதிவு குறைந்த பிறகு காரணம் கேட்பதைவிட, முன்கூட்டியே தெரிந்து மாற்று ஏற்பாடு செய்வது நல்லது.

அதேநேரம், மாணவர் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் பேசக் கூடாது. ‘இவருக்குக் கூடுதல் நேரம் தேவை’ என்று மற்றவர்களிடம் சொன்னால் போதும். என்ன நோய் என்பதை மாணவரின் சம்மதம் இல்லாமல் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, மாணவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. "உன்னால முடியாதும்மா, இந்த லேப் வேண்டாம்" என்பது உதவி இல்லை. "எப்படிச் செஞ்சா உனக்கு வசதி?" என்பதுதான் உதவி.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

துறைத்தலைவரிடம் போய் "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பொறுப்பு யார் சார்?" என்று கேளுங்கள். தேவைகளை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கி வையுங்கள். பதில் இல்லை என்றால் முதல்வர், கல்லூரியின் குறைதீர் அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், கடைசியாக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் எனப் படிப்படியாகப் போகலாம்.

துறையில் பொறுப்பு ஆசிரியர் யாரும் இல்லை என்று பதில் வந்தால், முதல் கோரிக்கையாக அதையே எழுதிக் கொடுங்கள்.