மணவிழா விருந்தினரும் புதுக்கோட்டைக் குன்றுகளும்

தை பிறந்துவிட்டால் புதுக்கோட்டையில் மண்டபம் கிடைப்பது அரிது. ஆவணியிலும் வைகாசியிலும் அதே நிலைதான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடல் கடந்தும் வரும் விருந்தினர் முந்தின நாள் மாலையே வந்து இறங்குகிறார்கள். மறுநாள் ஒன்பதரை மணிக்குள் தாலி ஏறிவிடுகிறது. நண்பகலுக்குள் பந்தி முடிகிறது. திரும்பும் வண்டியோ இரவில். இடைப்பட்ட அந்த ஆறேழு மணி நேரத்தில் விருந்தினரை எங்கே அனுப்புவது என்ற கேள்வி எல்லாக் கல்யாண வீடுகளிலும் எழுகிறது. பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘தஞ்சாவூர்’ என்பதே. அறுபது கிலோமீட்டர் போய், பெரிய கோயிலை வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, நந்திக்கு முன் நின்று படம் பிடித்துக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் திரும்பி வருவார்கள். இராசராசன் மீது நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் புதுக்கோட்டைக்கு வந்தவரைப் புதுக்கோட்டையைக் காட்டாமல் அனுப்பும் வழக்கம் எப்படி வந்தது என்பதே நம் ஐயம். ‘இங்கே என்ன இருக்கிறது, வெறும் பாறைதானே’ என்று உள்ளூர்க்காரரே சொல்லக் கேட்கிறோம்.

அந்தப் பாறையில்தான் எல்லாம் இருக்கிறது. தஞ்சைச் சமவெளியில் கல் கிடையாது; பெரிய கோயிலுக்கான கற்களே இப்பகுதியிலிருந்து சென்றிருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு. 1948 மார்ச் வரை தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானமாக இருந்த இம்மண்ணில், நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் மட்டும் சமணப் பள்ளியும் குடைவரையும் கற்றளியும் கோட்டையும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் பார்க்க முயலக்கூடாது. இரண்டு இடங்கள் போதும்.

நம்மைக் கேட்டால், முதல் இடம் சித்தன்னவாசல். ஓவியத்துக்காகப் போகிறவர்களே அதிகம். ஆனால் விருந்தினராக வந்தவர்கள் முதலில் ஏறவேண்டியது மலை மேலுள்ள ஏழடிப்பட்டத்துக்கு. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்த பெயர் அது. அவற்றைக் கடந்து சென்றால் இயற்கையான குகைத்தளம் ஒன்றில், தலைப்பக்கம் சற்றே உயர்த்தி வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியதன் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர் கணிக்கும் அக்கல்வெட்டின் பொருள் எளியது: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை இது. எருமிநாட்டை இன்றைய மைசூர்ப் பகுதியோடு இணைத்துப் பார்ப்பர். அதாவது, எங்கோ வடமேற்கிலிருந்து நடந்து வந்த ஒரு சமணத் துறவிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்க இடம் செய்து தந்திருக்கிறார். வந்தவரின் ஊர், நாடு, பெயர் மூன்றையும் மறக்காமல் பொறித்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் விருந்தோம்பல் பற்றி எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று என்றால் மிகையாகாது. மற்றப் படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் கழித்து வெட்டப்பட்ட வேறு துறவியரின் பெயர்கள் உள்ளன. அவ்வளவு காலமும் அந்த இடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

வெயில் நேரத்தில் ஏறுவது கடினம். பந்தி முடிந்த கையோடு கிளம்பாமல், ஒரு சிறு தூக்கம் போட்டுவிட்டு மூன்று மணிக்குப் புறப்படுவது நல்லது. பட்டுப் புடவையோடு ஏற இயலாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கீழே இறங்கி மலையின் மேற்குப் பக்கம் வந்தால் அறிவர் கோயில். சிறிய குடைவரை. கருவறையில் மூன்று திருமேனிகள். முன்மண்டபத்தின் இரு பக்கச் சுவர்களில் ஒன்றில் பார்சுவநாதர், மற்றொன்றில் ஆசிரியர் ஒருவர். கருவறைக்குள் நின்று மெல்ல ஓங்கார ஒலி எழுப்பினால் அறை முழுவதும் அதிரும். குழந்தைகளுக்கு அதுவே போதும். பெரியவர்கள் விதானத்தைப் பார்க்கட்டும். தாமரைக் குளம், இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மூன்று மனிதர்கள். சமணர் கூறும் சமவசரணத்தில் அடியார்கள் மலர் கொய்யும் நீர்நிலை இது என்பது ஆய்வாளர் விளக்கம். தூண்களில் ஆடல் மகளிர் இருவர், ஓர் அரசனும் அரசியும். இவற்றை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இன்றும் வழிகாட்டி நூல்கள் சில அப்படியே எழுதுகின்றன. ஆனால் குடைவரையின் முன்னுள்ள கல்வெட்டு, பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்த செய்தியைத் தெளிவாகக் கூறுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வோவியங்கள் அறிஞர் கண்ணில் பட்டபோது இருந்த அளவு இன்று இல்லை. அன்று எழுதியவர்களின் வருணனையைக் கையில் வைத்துக்கொண்டு விதானத்தை அண்ணாந்து பார்த்தால், அவர்கள் கண்ட கோடுகள் சில கரைந்துவிட்டது தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற வண்ணம் நூறாண்டில் இளைத்திருக்கிறது. அடுத்த தலைமுறை விருந்தினருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஆகவே தஞ்சையை அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறோம். அது அங்கேயேதான் இருக்கும்.

இரண்டாவது இடமாக நார்த்தாமலையைச் சொல்வோம். நகரத்தார் மலை என்பதே மருவி இப்படி ஆயிற்று என்பர். இடைக்காலத்தில் வணிகக் குழுக்கள் தழைத்திருந்த ஊர். சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாத கோயில் இங்குள்ள விசயாலய சோழீச்சரம். மேலமலையின் வெறும் பாறைச் சரிவில் நடந்து ஏறினால், திடீரென்று ஒரு திருப்பத்தில் முழுக் கோயிலும் எதிரே நிற்கும். சதுரச் சுவருக்குள்ளே வட்டக் கருவறை. மேற்கு நோக்கிய சன்னிதி. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு எஞ்சியுள்ளன. பெயரை வைத்து முற்காலச் சோழன் விசயாலயன் கட்டியது என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள். கல்வெட்டோ, இதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் என்றும், மழையால் சிதைந்துபோனதை மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் மீண்டும் எடுத்தான் என்றும் கூறுகிறது. கட்டியவன் பெயரோடு, கெட்ட காரணத்தையும் மீட்டவன் பெயரையும் சொல்லும் கல்வெட்டுகள் அதிகமில்லை.

கோயிலுக்கு எதிரே பாறை முகத்தில் இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. பெரியதில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றைப்போல் ஒன்று, வரிசையாக நிற்கின்றன. ஊரார் அதைச் சமணர் குடகு என்பார்கள்; முன்பு சமணருடையதாக இருந்து பின் மாறியிருக்க வேண்டும். சிறியதற்குப் பழியிலி ஈச்சரம் என்று பெயர். இதன் கல்வெட்டைத்தான் கல்யாண விருந்தினருக்கு நாம் சொல்லிக் காட்ட விரும்புகிறோம். நிருபதுங்க பல்லவனின் ஏழாம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி இதைக் குடைந்தான். முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் எடுத்தவள் அவன் மகள் பழியிலி சிறிய நங்கை. அவள் மீனவன் தமிழதியரையன் என்ற மல்லன் அனந்தன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மணமாகிப் போன பெண், தகப்பன் தொடங்கியதைத் திரும்பி வந்து நிறைவு செய்திருக்கிறாள். எதிரிலுள்ள கற்றளியைப் புதுப்பித்தவனும் ‘மல்லன்’, ‘தமிழதியரையன்’ என்று பெயர் கொண்டவன் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் இவளுடைய புக்ககத்தைச் சேர்ந்தவனாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஊகம்தான், ஆனால் பட்டப்பெயர் அந்தத் திசையைக் காட்டுகிறது. அப்படியானால் பிறந்தகத்துக் குடைவரையும் புக்ககத்தார் மீட்ட கற்றளியும் எதிரெதிரே நிற்கின்றன. சம்பந்திகள் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கப்படம் கிடைக்காது.

மாலை ஐந்து மணிக்கு இந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பது தனி இன்பம். கையில் குடிநீர் வேண்டும். மேலே கடை எதுவுமில்லை. செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் பாறை இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும், குழந்தைகளை எச்சரித்துவிடுங்கள்.

இசை நாட்டமுள்ள விருந்தினர் இருந்தால் சித்தன்னவாசலை விட்டுக் குடுமியான்மலைக்கு அனுப்பலாம். மேலைக்கோயில் குடைவரைக்கு அருகே பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக இசைக் குறிப்புகள் வெட்டப்பட்டுள்ளன. 1904இல் கிருஷ்ண சாஸ்திரி கண்டறிந்தது. நான்கு நான்கு சுரங்களாகக் கட்டிய வரிசைகள். அடியில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு வரி. உருத்திராசாரியாரின் மாணாக்கனும் பரம மாகேசுவரனுமான ஓர் அரசன் இதைச் செய்வித்தான் என்று மட்டுமே இருக்கிறது, அரசன் பெயர் இல்லை. இங்கும் மகேந்திரவர்மனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவன் கலைஞன் என்பதற்காகத் தென்னாட்டில் பெயரில்லாத கலையெல்லாம் அவனுடையதாகிவிடுமா? கீழே உள்ள சிகாநாதர் கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்கள் அழகானவை; இறைவன் அர்ச்சகருக்காகத் தன் தலையில் குடுமி காட்டிய கதையை அங்கே யாரேனும் சொல்வார்கள்.

தெற்கே காரைக்குடி நோக்கித் திரும்புகிறவர்கள் வழியில் திருமயத்தில் இறங்கலாம். கோட்டையை 1687இல் கட்டியவர் கிழவன் சேதுபதி. கோட்டையை விட அதன் அடிவாரம் நமக்கு உவப்பானது. ஒரே குன்றில் பக்கம் பக்கமாகச் சிவனுக்கும் பள்ளிகொண்ட பெருமாளுக்கும் குடைவரைகள். இரு கோயிலாருக்கும் நெடுநாள் வழக்கு. 1245இல் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் கூடி, வருமானத்தைப் பங்கிட்டு, எல்லை வகுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு கல்லிலேயே இருக்கிறது. சீர்வரிசையில் மனத்தாங்கல் கொண்ட வீட்டாரை அழைத்துப் போக ஏற்ற இடம் என்று எங்கள் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

ஆவுடையார்கோயிலை ஒரு பிற்பகலில் அடக்க முடியாது. அதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். நகருக்குள்ளேயே இருக்க விரும்புகிறவர்களுக்குத் திருக்கோகர்ணம் போதுமானது. பிரகதாம்பாள் தொண்டைமான்களின் குலதெய்வம்; அவள் உருவம் பொறித்த சிறிய செப்புக் காசே சமஸ்தானத்தின் அம்மன் காசு. கோயிலுக்கு அருகிலுள்ள அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நல்ல முகூர்த்தம் வெள்ளியில் விழுந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

மதுரைக்குக் காரில் போகிறவர்கள் விராலிமலைப் பக்கமாகத் திரும்பிக் கொடும்பாளூரைத் தொட்டுச் செல்லட்டும். கோவலனும் கண்ணகியும் உறையூரிலிருந்து மதுரைக்குப் போன வழியில், பாதை மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் சொல்வது இந்த ஊரைத்தான். இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரிலும் எடுப்பித்த மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே. காளாமுகத் துறவியர் ஐம்பதின்மர்க்கு உணவளிக்கப் பதினோரு ஊர்களைக் கொடையாக அவன் எழுதிவைத்த செய்தியும் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளே தள்ளி இருக்கிறது. வண்டியோட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் திருப்பத்தைத் தவற விடமாட்டார்.