எம்மாவு என்னும் ஊர்

உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி லூக்கா 24ஆம் அதிகாரம் நம் சபைகளில் வாசிக்கப்படாத ஆண்டு இல்லை. இரு சீடர் நடந்த வழியைப் பற்றி நாமும் பன்முறை பிரசங்கித்துள்ளோம். ஆயினும், அவ்வழி சென்றடைந்த ஊருக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது யாதெனச் சபையாருக்கு ஒருமுறையேனும் நாம் எடுத்துரைத்ததில்லை.

எம்மாவு இருந்த இடத்தைக் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெரும்பாலான கையெழுத்துப்படிகள் எருசலேமிலிருந்து அதன் தூரத்தை 60 ஸ்தாதியு என்னும் கிரேக்க அளவால் குறிக்கின்றன. சீனாய்ப் படி முதலிய சில 160 என்கின்றன. ரோமர் காலத்தில் நிக்கொப்போலி எனப் பெயர் பெற்ற பட்டணமே லூக்கா கூறும் ஊர் என நான்காம் நூற்றாண்டில் யூசேபியு எழுதினார். எரோனிமுவும் அவ்வாறே கொண்டார். பழைய பெயர் அரபு மக்களின் நாவில் இம்வாஸ் என நிலைத்திருந்தது. சீடர் அன்றிரவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் திரும்பி நடந்திருப்பரோ என்னும் ஐயம் வலுவானதே. எருசலேமுக்கு அண்மையிலுள்ள கலூனியாவே எம்மாவு என்பாரும் உளர். அக்கிராமமும் 1948 ஏப்ரலில் தகர்க்கப்பட்டது என்பதை அவர்கள் நூல்களில் நாம் அரிதாகவே காண்கிறோம்.

இம்வாஸ் லத்ரூன் மேட்டருகே, கடற்கரையிலிருந்து எருசலேமுக்கு ஏறும் சாலையின்மேல் இருந்தது. 1948இல் இஸ்ரவேல் படையினர் அம்மேட்டைப் பலமுறை தாக்கியும் கைப்பற்ற இயலாமற் பேரிழப்புற்றனர். யோர்தானின் ஆட்சியிலிருந்த அவ்விடம் 1967 ஜூன் போரில் பெருஞ்சண்டையின்றி அவர்கள் கைக்கு வந்தது. இம்வாஸ், யாலூ, பேத்நூபா ஆகிய மூன்று கிராமத்தாரும் வீடுகளை விட்டு ராமல்லாவை நோக்கிக் கால்நடையாய்ச் செல்லும்படி கட்டளையிடப்பட்டனர். அதன் பின்னரே வீடுகள் இடிக்கப்பட்டன. போரில் சிதைந்த ஊர்கள் அல்ல இவை. பிடிபட்டபின் இயந்திரங்களைக் கொண்டு தரைமட்டமாக்கப்பட்டவை. இவ்வேறுபாட்டை வரலாறு கற்பிப்போர் மறைத்தல் தகாது. பேத்நூபாவில் இஸ்ரவேல் படைவீரராயிருந்த எழுத்தாளர் ஆமோஸ் கேனான், தாம் கண்டதைப் பின்னர் எழுதி வெளியிட்டார். நடக்கவியலாத முதியோரும் கைக்குழந்தைகளை ஏந்திய தாய்மாரும் வீடு திரும்ப வந்து, திருப்பியனுப்பப்பட்டதை அவர் பதிவு செய்துள்ளார். சாட்சி கூறியவர் மறுதரப்பினர் என்பதால் அதனை இலேசாய் ஒதுக்கிவிட முடியாது.

அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். நம் நூல்கள் அவர்களைப் பேசாததற்கு இதுவும் ஒரு காரணமோ என அஞ்சுகிறோம்.

பேத்நூபாவின் நிலத்தில் 1970இல் குடியேற்றம் அமைந்தது. இம்வாஸ், யாலூ நிலங்களில் கானடா நாட்டு நன்கொடையாளரின் பணத்தால் மரங்கள் நடப்பட்டுப் பூங்கா உருவாயிற்று; அதன் பெயரும் கானடா பூங்காவே. பிசாந்தியர் காலத்துத் தேவாலயத்தின் இடிபாடு இன்றும் பேணப்படுகிறது. யாத்திரிகர் அங்கு நின்று ஜெபிக்கின்றனர். பூங்காவின் பலகைகளோ ரோமரையும் பிசாந்தியரையும் சிலுவைப்போர் வீரரையும் கூறி, 1967 வரை அங்கு வாழ்ந்தோரைக் கூறாதிருந்தன. இஸ்ரவேலர் சிலரே உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டதன் பயனாய், 2006இல் அக்கிராமங்களைக் குறிப்பிடும் பலகைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று சிறிது காலத்தில் காணாமற்போயிற்று.