நிலைமாற்றியின் செயலிக்குக் காவல் (2003–2011): ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிணைய நிலைமாற்றிகளிலும் (சுவிட்ச்) திசைவிகளிலும் (ரவுட்டர்) இருவகைப் பணிகள் நிகழ்கின்றன. வந்த பொதியை உரிய வாயிலுக்கு அனுப்புவது ஒன்று. இதனைத் தனிச்சில்லுகள் மிகுவிரைவில் செய்கின்றன. வழித்தட அட்டவணையைப் பேணுதல், அண்டைக் கருவிகளுடன் செய்தி பரிமாறுதல், மேலாள்பவரின் ஆணைகளை ஏற்றல் ஆகியன மற்றொன்று; இவற்றைப் பொதுநோக்குச் செயலி கவனிக்கிறது. சில்லுகள் கையாளும் பொதிகளில் சிறுபங்கையே அச்செயலி தாங்கவல்லது. அதனைக் காக்கும் நெறிகள் உருப்பெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸ்லாமர் புழு

2003 சனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழு 376 பைட்டு அளவினது. தொடக்கத்தில் அது 8.5 நொடிக்கு ஒருமுறை இருமடங்கானது. பத்து நிமிடங்களுக்குள் தாக்குதலுக்கு இடந்தந்த கணினிகளில் 90 விழுக்காட்டைப் பற்றியது. குறைந்தது 75,000 கணினிகள் இலக்காயின. மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வரில் இருந்த குறையே அதன் நுழைவாயில். அதற்கான திருத்தம் 2002 சூலையிலேயே வெளிவந்திருந்தது.

பிணையக் கருவிகள் இப்புழுவின் இலக்கல்ல. எனினும் அவையும் திணறின. புழு முகவரிகளைக் குறிப்பின்றித் தெரிந்து அனுப்பியதால், புதிய முகவரி ஒவ்வொன்றுக்கும் செயலியின் துணையை நாடும் அமைப்புடைய கருவிகளில் சுமை பெருகியது. செயலி ஓய்ந்த திசைவியை அண்டைத் திசைவிகள் அட்டவணையிலிருந்து நீக்கின. அந்நீக்க அறிவிப்புகள் பிற செயலிகளுக்கும் சுமையாயின. தாக்கும் நோக்கமின்றியும் செயலியை வீழ்த்த முடியும் என்பது இந்நிகழ்வால் தெளிவாகிறது.

காவல் நெறிகள்

2004 பிப்ரவரியில் வெளியான ஆர்எப்சி 3682 எளியதொரு வழியைக் கூறியது. பொதியின் வாழ்நாள் எண் ஒவ்வொரு திசைவியிலும் ஒன்று குறையும். அதன் உச்சம் 255. எனவே 255 என்ற எண்ணுடன் வருவது, நேரடி அண்டையிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். தொலைவிலிருந்து அனுப்புவோர் இதனைப் போலியாக்க இயலாது. 2007இல் ஆர்எப்சி 5082 இதனைச் செம்மைப்படுத்தியது.

2011 மார்ச்சில் வெளியான ஆர்எப்சி 6192, செயலியை நோக்கி வரும் பொதிகளை வகைப்படுத்தி, ஏற்கத்தக்கவற்றை மட்டும் வரம்பிட்ட அளவில் அனுமதித்து, எஞ்சியவற்றை விலக்கும் முறையை விளக்கியது.

முடிவுரை

வாழ்நாள் எண் நெறி, பொதி எங்கிருந்து வந்தது என வினவுகிறது. அளவு வரம்போ, எவ்வளவு வரலாம் என வரையறுக்கிறது. பின்னதற்கு நல்லதும் தீயதும் ஒன்றே. வரம்பு மீறின் நேர்மையான பொதியும் வீழும். வரம்பைக் குறுக்கின் அண்டைத் தொடர்பே அறும். ஆகவே இவ்வரலாறு பகைவரை இனங்காணும் முயற்சியுடன் நில்லாது, செயலியின் கவனத்தைப் பங்கிடும் முறைமையை நோக்கி நகர்ந்தது எனலாம்.