செல்லாத கல்யாணம்: எட்டாம் ஹென்றி முதல் நம்மூர் கோர்ட் வரை

எட்டாம் ஹென்றி மனைவியை விவாகரத்து செய்ய போப்பிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, அதனால் இங்கிலாந்து தனிச் சபை ஆகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் ஒரு சொல் தப்பு. ஹென்றி கேட்டது விவாகரத்து இல்லை. நடந்த கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கச் சொன்னார்.

என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா ஞாபகம் வரும். ஒழுங்காகப் போட்ட ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பது ஒரு வகை. கையெழுத்துப் போட்ட அன்றே செல்லாத ஒப்பந்தம் இன்னொரு வகை. விவாகரத்து முதல் வகை. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்பதில்லை. 'அனல்மென்ட்' என்கிறோமே, அது இரண்டாவது வகை.

ஹென்றி கதைக்கு வருவோம். ஸ்பெயின் இளவரசி கேத்தரின் 1501ல் மணந்தது அவருடைய அண்ணன் ஆர்தரை. சில மாதங்களிலேயே ஆர்தர் இறந்துபோனார். அண்ணன் மனைவியை மணக்கத் தடை உண்டு என்பதால் 1503ல் போப் இரண்டாம் ஜூலியஸ் விலக்கு தந்தார். 1509ல் ஹென்றி–கேத்தரின் கல்யாணம் நடந்தது. ஆண் வாரிசு தங்கவில்லை. 1527ல் ஹென்றி, "வேதத்தில் உள்ள தடையை விலக்கப் போப்புக்கே அதிகாரம் கிடையாது" என்று வழக்கைக் கிளப்பினார். ஆர்தரோடு தனக்குத் தாம்பத்தியமே நடக்கவில்லை என்று கேத்தரின் உறுதியாக நின்றார். அதே வருடம் அவருடைய அக்காள் மகன், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடிப் போப்பைச் சிறைவைத்தது. பாவம், போப் எப்படித் தீர்ப்புச் சொல்வார்? 1533ல் ஆர்ச்பிஷப் கிரான்மர் இங்கிலாந்திலேயே "செல்லாது" என்றார். 1534ல் ரோம் "செல்லும்" என்றது.

அரசியலைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். இருவரும் சேர்ந்து வாழ்ந்த அத்தனை வருடங்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது வழக்கே இல்லை. 1509ல், கல்யாணத்தன்று, தடை இருந்ததா? அது ஒன்றுதான் கேள்வி. இன்றுவரை கேள்வி மாறவில்லை.

அந்தக் காலத்தில் இருவர் தனியாகச் சம்மதம் சொல்லிக்கொண்டாலே கல்யாணம்தான். பிறகு ஒருவர் மறுத்தால் என்ன செய்வது? 1563ல் திரெந்து சங்கம் பங்குத்தந்தையும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்றது. நம்மூர்க் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே, அந்த அறிவிப்பு இன்னும் பழசு, 1215ல் வந்த விதி. 'செல்லாது' தீர்ப்புகள் மலிந்துபோனதால் 1741ல் போப் பதினான்காம் பெனடிக்ட், திருமணத்தின் பக்கம் நின்று வாதாட ஓர் அதிகாரியை வைத்தார். இரண்டு தீர்ப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்றும் விதித்தார்.

இன்று நடப்பில் இருப்பது 1983 சட்டத் தொகுப்பு. அதில் உள்ள முக்கியமான காரணங்கள்: மிரட்டியோ பயமுறுத்தியோ சம்மதம் வாங்கியது, இல்லறத்தையே பாதிக்கும் ஒரு விஷயத்தை ஏமாற்றி மறைத்தது, பிள்ளையே வேண்டாம், உண்மையாக இருக்கமாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு சம்மதம் சொன்னது, மணவாழ்வின் பொறுப்பைப் புரிந்துகொள்ளவோ ஏற்கவோ முடியாத மனநிலை, முன்பே இருந்த, தீராத ஆண்மைக் குறைவு போன்ற தடைகள். குழந்தை இல்லை என்பது மட்டும் காரணம் ஆகாது. கல்யாணத்துக்குப் பின் வந்த குடியும் சண்டையும்கூட அப்படித்தான். அன்றே இருந்த குறைக்கு அவை சாட்சியாகலாம், அவ்வளவே.

2015ல் போப் பிரான்சிஸ் இரண்டாவது தீர்ப்புக் கட்டாயத்தை எடுத்தார். கல்யாணம் நடந்த மறைமாவட்டத்தில் மட்டுமில்லை, இருவரில் ஒருவர் குடியிருக்கும் இடத்திலும் மனுக் கொடுக்கலாம். தூத்துக்குடியில் தாலி கட்டிப் புனேயில் வாழ்பவர்களுக்கு இது பெரிய உதவி. இன்னொன்று, நல்லெண்ணத்தோடு நடந்த கல்யாணம் செல்லாது என்றானாலும் பிள்ளைகளின் முறைமைக்குத் திருச்சபைச் சட்டத்தில் குறைவில்லை.

இனிமேல்தான் நம் ஆட்கள் பலர் தடுக்கி விழும் இடம். சர்ச் தீர்ப்புக் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கேரளத்து வழக்கு ஒன்றில், முதல் கல்யாணத்தைச் சர்ச் தீர்ப்பாயம் செல்லாது என்றபின் ஒரு பெண் மறுமணம் செய்துகொண்டார். 1996ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுமணம் சட்டப்படி செல்லாது என்றது. காரணம், முதல் கல்யாணத்தை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யவில்லை. சர்ச் தீர்ப்புக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட பொதுநல மனுவும் 2017ல் தள்ளுபடி ஆனது. முதல் கல்யாணம் சட்டப்படி இருக்கும்போது இன்னொன்று செய்தால் ஏழு வருடம்வரை சிறை. குடும்ப பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று போய் நிற்கும்போதும் கேட்பது கோர்ட் உத்தரவைத்தான்.

1869ம் வருடத்து விவாகரத்துச் சட்டத்திலேயே, கல்யாணம் செல்லாது என்று கோர்ட்டில் அறிவிக்கக் கேட்க வழி உண்டு. 2001 திருத்தத்துக்குப் பின் இருவரும் ஒப்பிப் பிரியவும் வழி இருக்கிறது. ஆகவே கதவு இரண்டு, சாவியும் இரண்டு. நம் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ மறுமணப் பேச்சு வந்தால், ஓலை வாசிக்கக் கொடுக்கும் முன் இரண்டு காகிதமும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.