பெட்டியாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்குவதா?

துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரெயில் ஏறினால் மகாராஜாலேலா, ஹங் துவா, அதற்கடுத்து இம்பி. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லோ யாட் பிளாசா. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்குக் கேமிங் கணினி வாங்க பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்புகிறவர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். பெரிய நிறுவனங்கள் முழுதாகப் பூட்டி முத்திரையிட்ட பெட்டிகளும் அங்கே உண்டு. மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று பாகம் பாகமாக விற்கும் கடைகளும் உண்டு. இரண்டில் எது என்று கேட்டால் என் பதில் இது: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது வாங்குகிறவர் கையில் இருக்க வேண்டும். திருகாணியை யார் முடுக்கினாலும் பரவாயில்லை.

பாகங்களை வாங்கிப் பூட்டினால் மலிவு என்பார்கள். சாதாரணக் காலத்தில் அது உண்மைதான். ஆனால் 2021-இல் சிப் தட்டுப்பாடும் ஈத்தரியம் நாணயச் சுரங்கமும் சேர்ந்துகொண்டன. கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கிடைத்தாலும் விலை எக்கச்சக்கம். கார்டுக்காகவே முழுக் கணினி வாங்கினவர்கள் உண்டு. 2022-இல் அந்த நெருக்கடி தணிந்தது; செப்டம்பரில் ஈத்தரியம் சுரங்க முறையையே கைவிட்டது. பிறகு 2025 கடைசியில் ராமின் முறை வந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை தாவி ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருசியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில், பழைய விலைக்கு வாங்கிய ராமைப் போட்டுப் பூட்டிய கணினி கடையில் இன்னும் இருந்தால் அதுவே லாபமாக இருக்கலாம். ஆகவே யார் சொல்வதையும் நம்பிப் போகாமல், முழுக் கணினியில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் எழுதிக்கொண்டு, பக்கத்துக் கடையில் அன்றைய விலையைக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

கூட்டும்போதுதான் சங்கடம் தெரியவரும். பெட்டியின் மேல் பிராசசர் பெயர் பெரிதாக இருக்கும், கிராபிக்ஸ் கார்டின் பெயரும் இருக்கும். பவர் சப்ளை யார் செய்தது என்று பெரும்பாலும் இருக்காது. 16 ஜிபி ராம் என்று போட்டிருக்கும்; அது ஒரே குச்சியா, எட்டெட்டாக இரண்டா என்று சொல்லாது. ஒரே குச்சியாக இருந்தால் பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான வழி பாதியாகக் குறுகிவிடும், பல விளையாட்டுகளில் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் கை வைப்பது இப்படிப் பெயர் தெரியாத இடங்களில்தான்.

இவற்றில் பவர் சப்ளைக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடிமழை நமக்குத் தெரியாததா? மின்னல் வெட்டியதும் வீட்டு மெயின் சுவிட்ச் தானாக விழுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி போட்டு வாங்கிய கார்டுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு பாகம். பாகமாக வாங்குகிறவர் நல்ல பெயருள்ளதைக் கேட்டு வாங்கலாம். வெப்பமும் அப்படியே. ஏர்கோன் இல்லாத அறையில் மதியம் 32 பாகை சாதாரணம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்டு மூடிய அழகான பெட்டி அந்த அறைக்கு ஆகாது. வலைமுகம் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது.

நாலைந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு 1995-இல் வந்தது. அந்த அளவில் உள்ள பாகங்களைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் அரோரா வரிசையில் பல மாடல்களின் மதர்போர்டு அந்த அளவில் இல்லை. அதை எடுத்து வேறு பெட்டியில் போட முடியாது. மாறாக, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வகையில் 2017-இல் மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயோஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். ஐந்து வருடத்துக்குப் பின் பிராசசருக்கு மட்டும் செலவு!

முழுக் கணினியின் பலம் உத்தரவாதத்தில் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. திரை நீலமாகி நின்றுவிட்டால் ஒரே எண்ணை அழைத்தால் போதும். பாகம் பாகமாக வாங்கியவர் பழுது ராமிலா, பிராசசரிலா என்று தானே கண்டுபிடிக்க வேண்டும்; மாற்றிப் போட்டுப் பார்க்க வீட்டில் இன்னொரு ராம் இருக்காது. கண்டுபிடித்த பிறகும் அந்தந்தப் பாகத்தின் விநியோகஸ்தரைத் தேடிப் போக வேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் சில நிலையில்லாமல் நின்றுபோன விவகாரத்தில், 2024-இல் அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுகள் உத்தரவாதம் கூட்டிக் கொடுத்தது. பிராசசரைத் தனியாக அதன் பெட்டியோடு வாங்கியவர் நேரே இன்டெலிடம் போகலாம். முழுக் கணினி வாங்கியவர் அதைச் செய்து விற்ற நிறுவனத்திடம்தான் போக வேண்டும். கணினியைத் திறந்து பார்க்க நேரமோ விருப்பமோ இல்லாத குடும்பத்துக்கு அந்த ஒரே வாசல் பெரிய நிம்மதி. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

மற்றவர்களுக்கு லோ யாட்டிலும், பெட்டாலிங் ஜெயா செக்சன் 14-இல் உள்ள டிஜிட்டல் மாலிலும் இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. பட்டியலை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், கடைக்காரர் பூட்டி ஓடவிட்டுக் காட்டுவார். ஆசையுள்ள பிள்ளையாக இருந்தால் கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும், அடுத்த முறை தானே பூட்டிக்கொள்வான். நான் பரிந்துரைப்பது இதைத்தான். பாகங்களின் காலிப் பெட்டிகளையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே கடையில், ஒரே ரசீதில் இருக்கட்டும்: வருமான வரியில் வாழ்க்கைமுறைக்கான 2,500 வெள்ளி விலக்கில் சொந்தக் கணினியும் அடங்கும், அந்த ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பவர் சப்ளையின் மாடல் பெயரையும் பாகங்களின் வரிசை எண்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள். சொன்னது ஒன்று, பூட்டியது ஒன்று என்று தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீலும் தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசுவது அந்த ரசீதுதான்.